அக்காவின் தலையில் வந்த அலை

அக்காவின் தலையில் திரும்ப முளைத்த முடி அவளுடைய முடி மாதிரியே இல்லை. நோய்க்கு முன்னால் அவளுக்கு இடுப்பைத் தொடும் முடி. அதில் பேருக்குக்கூட ஒரு நெளிவு கிடையாது. ரிப்பன் கட்டினால் ரிப்பன் வழுக்கிக் கீழே விழும். மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, கொழும்புப் பக்கம் போய் மருந்து ஏற்றத் தொடங்கியதும் அவ்வளவும் தலையணையோடு போய்விட்டது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு முதலில் கோழிக்குஞ்சுக்கு இருப்பது போல ஒரு பூமுடி வந்தது. பிறகு அது கறுத்துத் தடித்தது. காதை மூடுகிற அளவுக்கு வளர்ந்திருந்த ஒரு நாள் குளித்துவிட்டு வந்து முற்றத்தில் நின்றவளைப் பார்த்து நான் வாயைப் பிளந்துவிட்டேன். முடி அலை அலையாக இறங்கி, நுனியில் வளைந்து நின்றது.

"என்ட முடிய எப்ப களவெடுத்த நீ?" என்று கேட்டேன்.

கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டில் நெளிமுடி எனக்கு மட்டும்தான், அப்பாவின் பக்கத்திலிருந்து வந்தது. ஆனால் அதை நான் நெளிய விட்டதே இல்லை. பள்ளிக்கூடம் போன முதல் நாளிலிருந்து அம்மா தேங்காயெண்ணெய் வார்த்து, இழுத்து, இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார். வளர்ந்த பிறகு அதே கொடுமையை நானே எனக்குச் செய்துகொண்டேன். நான் டவுனில் ஒரு பாமசியில் மருந்து விற்கிற வேலை செய்கிறேன். முடி வளர என்ன பூசலாம், கொட்டாமல் இருக்க என்ன குடிக்கலாம் என்று நாள் முழுக்க ஆட்கள் கேட்பார்கள். நானும் சிரிக்காமல், கடையில் இருக்கிறதை எடுத்துக் கொடுப்பேன். என் தலையில் இருப்பது என்ன வகை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அக்கா வாவிக்கு அந்தப் பக்கம், வவுணதீவுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முதலாம் தரத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். அவளுடைய லீவு முடிகிற காலம் அது. பள்ளிக்கூடத்து மூன்றாம் தவணை தொடங்கும்போது திரும்பிப் போய் வகுப்பில் நிற்க வேண்டும். போக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு மலையளவு. தலையை நினைத்தால் கால் பின்வாங்கியது.

மொட்டையாக இருந்த நாட்களில் ஒரு வசதி இருந்தது. பார்த்தவர்கள் நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். "எந்தக் கோயிலுக்கு மனே?" என்று கேட்டால் வாய்க்கு வந்த கோயிலைச் சொல்லிவிடுவாள். காதளவு முடிக்கு அந்தக் கதை எடுபடாது. துணியால் மூடிக்கொண்டு போகலாமே என்றால், எங்கள் பக்கத்தில் தலையில் துணி போட்டால் ஆளே மாறிவிடும். ஒரு நாள் காத்தான்குடிக்குத் துணி எடுக்கப் போனபோது பஸ்ஸில் ஒரு பெரிய மனுசி அக்காவுக்குச் சலாம் சொல்லி, பக்கத்தில் இடம் கொடுத்து, தன் மகளின் கல்யாணக் கதை முழுவதையும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கென்று அக்கா பொட்டும் வைக்கவில்லை. முகம் வாடியிருக்கிறதே என்று அவர் கேட்க, சுகமில்லாமல் இருந்தேன் என்று இவள் சொல்ல, இறங்கும்போது உங்களுக்காக துஆ கேட்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னாராம். "அவட முகத்தப் பாத்து நான் ஆரெண்டு சொல்ல ஏலாமப் போச்சு" என்று வீட்டுக்கு வந்து அக்கா கண் கலங்கினாள். லண்டனில் இருக்கும் மாமா ஒரு விக் அனுப்பியிருந்தார். சுடச்சுடக் கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் அதைப் போட்டால் தலையில் அடுப்பை மூட்டின மாதிரி இருக்கும். அது அலுமாரிக்குள்ளேயே கிடந்தது.

"என்ட முடியோடயே போகப் போறன்" என்றாள் கடைசியில். "ஆனா காலைல வெளிக்கிட்ட மாதிரி பள்ளிக்கூடம் விடுமட்டும் நிக்கோணும் புள்ள. பாதியில பறந்து கிளம்பி நிண்டா ஆக்கள் முடியப் பாக்க மாட்டாங்க, வருத்தக்காரியத்தான் பாப்பாங்க. அந்தச் சின்னப் பிள்ளைகளும் பயப்பிடும்."

அதுதான் சிக்கலே. குளித்துவிட்டு வரும்போது அழகாக இருக்கும் அலை, காய்ந்து ஒரு மணித்தியாலத்தில் பிரிந்து பிரிந்து நிற்கும். மத்தியானம் ஆகும்போது தலை தேங்காய்த் தும்பு. சீப்பால் வாரினால் இன்னும் மோசம். எண்ணெய் வைத்தால் மெல்லிய முடி மண்டையோடு ஒட்டி, நடுவில் வெள்ளைத் தோல் தெரியும். அம்மாவுக்கு எண்ணெயை விட்டால் வேறு வைத்தியம் தெரியாது. "எண்ணெய் வெக்காட்டி சூடு ஏறும் மனே" என்று போத்தலோடு பின்னால் வருவார். அக்காவுக்குப் போத்தலைக் கண்டாலே கோபம் வந்தது.

நான் ஒன்று சொன்னேன். உன் தலையில் இருக்கிறது புது முடி, கண்டதையும் பூசிக் கொட்டவிட ஏலாது. எனக்கு ஒரு தலை சும்மா கிடக்கிறது. எல்லாவற்றையும் முதலில் என் தலையில் பூசிப் பார்ப்போம். நாள் முழுக்க நின்றால் உனக்கு. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு விசர்" என்றாள். ஆனால் சிரித்தாள்.

எனக்கோ ஆர்வம் தலைக்கேறிவிட்டது. முதல் வேலையாக எண்ணெயைக் கழுவிவிட்டு, ஒன்றும் பூசாமல் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து முடி காய்வதைப் பார்த்தேன். பெரிய மனுசி ஒருத்தி முடி காய்வதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளே என்று அம்மா ஏசினார். ஆனால் அங்கே ஒரு விஷயம் தெரிந்தது. ஈரத்தில் முடிகள் கற்றை கற்றையாகத் தாமாகவே சேர்ந்து வளைகின்றன. காய்வதற்குள் கை வைத்தால் அந்தக் கற்றை உடைகிறது. உடைந்தால் திரும்பச் சேராது. கை வைக்காத பக்கம் வளைவு வளைவாக நின்றது, நான் நோண்டிக்கொண்டிருந்த பக்கம் தும்பாகிவிட்டது. இத்தனை வருடமும் காய்ந்த முடியை வாரி வாரி நானே அதைக் குழப்பியிருக்கிறேன். அன்றிலிருந்து சீப்பு ஈரத்துக்கு மட்டும்தான் என்று சட்டம் போட்டேன்.

அடுத்தது தலை துவட்டுகிற துவாய். துவாயால் தேய்த்தால் முடி கிளம்புகிறது. பழைய பருத்தித் துணி நல்லது என்று ஒரு வீடியோவில் ஒரு பெட்டை சொன்னாள். வீட்டில் பழசாகி, பஞ்சு போல மெதுமெதுவென்று இருந்த ஒரே பருத்தித் துணி அத்தான் இடுப்பில் உடுக்கிற சாரம். அத்தான் என்றால் அக்காவின் புருஷன். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணம் கட்டி அக்காவின் சீதன வீட்டுக்கு வந்தவர், எங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறார். கொடியில் காய்ந்த சாரத்தை எடுத்து, கட்டிலில் விரித்து, குனிந்து முடியை அதன் நடுவில் குவித்து, இரண்டு தலைப்பையும் பிடரியில் முடிந்துகொண்டு எழுந்தேன். அம்மா கண்டுவிட்டார்.

"ஐயோ! ஆம்புள உடுக்கிற சாரத்தையா தலையில கட்டினீ?"

வீடே அதிர்ந்தது. தலையில் வைக்கிறது எது, இடுப்பில் உடுக்கிறது எது என்று தெரியாத பிள்ளையைப் பெற்றுவிட்டேனே என்று அம்மா ஒப்பாரி வைக்காத குறை. சத்தம் கேட்டு அத்தான் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய், இன்னும் இரண்டு பழைய சாரத்தைக் கொண்டுவந்து அக்காவின் கட்டிலில் வைத்தார். "இது அதவிட மெத்தெண்டு இருக்கும்" என்றார். அம்மா அன்று முழுவதும் அவரோடு கதைக்கவில்லை. எனக்கு அந்த மனுசனில் அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

சாரம் நல்ல வேலை செய்தது. ஆனால் அது வளைவைக் கெடுக்காமல் காயவைத்ததே தவிர, நாள் முழுக்கப் பிடித்து வைக்கவில்லை. பிடித்து வைக்க ஏதாவது வழுவழுப்பான பசை வேண்டும். வீடியோக்காரி ஆளி விதையை அவித்துப் பசை எடுத்தாள். டவுனில் கடை கடையாகக் கேட்டேன், இல்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஊறினால் வழுவழுக்கிற விதைதானே வேண்டும், எங்களிடம் கசகசா இருக்கிறதே! நோன்பு காலத்து சர்பத்திலும் ஃபலூடாவிலும் மிதக்கிற, சிலர் சப்ஜா என்கிற அதே கறுப்பு விதை. ஒரு கோப்பை ஊறவைத்தேன். நன்றாகத்தான் ஊறியது. ஆனால் துணியில் வடித்தால் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒவ்வொரு விதையும் தன் பசையைத் தானே கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று அப்படியே அள்ளித் தலையில் பூசிவிட்டேன்.

காய்ந்ததும் வளைவு என்னவோ நன்றாக நின்றது. விதைகளும் நின்றன. ஒவ்வொரு விதையைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் காய்ந்து, முடியை இறுகப் பிடித்திருந்தது. உதறினால் விழவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது, கட்டிக்கொண்டு ஓடினேன். பாமசிக்கு முதலில் வந்தது மகளின் தலைக்குப் பேன் மருந்து கேட்டு ஒரு தாய். மருந்தை எடுக்க நான் குனிந்தபோது அவர் என் தலையைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார். பிறகு மெல்லிய குரலில், பாவப்பட்டு, "உங்களுக்கும் இருக்கா மிஸ்? அப்ப இந்த மருந்து கேக்காதா?" என்றார். ஈர் இல்லை, கசகசா என்று சொன்னால் நம்புகிற முகமாக அது இல்லை. மருந்தை வாங்காமலே போய்விட்டார். இதைச் சொன்னபோது அக்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் குடித்து, திரும்பவும் சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. ஒரு வாரம் கசகசா பொறுக்கினாலும் காரியமில்லை என்று பட்டது.

கடைசியில் கைகொடுத்தது வெண்டிக்காய். முற்றலான காயை வெட்டிப் போட்டு அவித்து, ஆறவிட்டு, துணியில் பிழிந்தால் நீளமாக வழுக்கி இறங்கும் ஒரு சாறு. ஈர முடியில் அதைப் பூசி, உள்ளங்கையில் முடியை ஏந்திக் கீழிருந்து மேலாகக் கசக்கிவிட்டேன். காய்ந்ததும் கஞ்சி போட்ட துணி மாதிரி முடி விறைத்துக்கொண்டது. இதுவும் பிழையாப் போச்சு என்று எரிச்சலில் கட்டிலில் விழுந்து புரண்டேன். எழும்பிப் பார்த்தால் தலையணையில் கசங்கிய பக்கம் விறைப்பெல்லாம் உடைந்து, உள்ளே முடி மெத்தென்று சுருள் சுருளாக இருந்தது! கஞ்சி வெளி ஓடுதான்; காயுமட்டும் உள்ளே இருக்கிற வளைவை அது காத்துக்கொண்டிருக்கிறது. முழுக்கக் காய்ந்த பிறகு கையால் கசக்கி ஓட்டை உடைத்துவிட்டால் போதும். நான் கத்தின கத்தலில் அக்கா பயந்து ஓடி வந்தாள்.

அன்றைக்குக் காலையிலிருந்து பின்னேரம் வரை சுருள் நின்றது. அடுத்த நாள் இன்னும் கெட்டிக்காரியாகப் பாமசியிலிருந்து கிளிசரின் கொண்டுவந்து சில சொட்டுச் சேர்த்தேன். காலையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து காய்ந்து வீசும்போது முடி வறண்டு சலசலத்தது. மத்தியானம் கடல் காற்றுத் திரும்பியதும் அதே முடி ஊதிப் பெருத்தது. கிளிசரின், காற்றில் ஈரம் இருந்தால் அதை முடிக்குள் இழுக்கும், இல்லாவிட்டால் முடியில் இருப்பதை வெளியே விடும். எத்தனை வருடம் விற்கிறேன், இதை என் தலை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கிளிசரினை விட்டேன். கிணற்றுத் தண்ணீரையும் விட்டேன். வாவிக்குக் கிட்ட இருக்கிற எங்கள் கிணறு கச்சான் காலத்தில் உப்பேறிச் சவர் கட்டும், முடி கயிறாகும். குழாய்த் தண்ணீரில் கழுவினால்தான் சரி. கெதியாகக் காயவைக்க, சூட்டுக் காற்று அடிக்கிற மெசினுக்கு முன்னால் அம்மாவின் பிரம்பு இடியப்பத் தட்டைப் பிடித்தேன். காற்று அதன் ஓட்டைகளால் பிரிந்து மெதுவாக வந்தது, சுருள் கலையவில்லை. அம்மா அதற்கும் ஏசினார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் ஆசை வந்துவிட்டது. நான் வேலையால் வந்ததும் முதலில் என் தலையைத்தான் பார்ப்பார். "நிக்கிதே!" என்பார், யாருக்கும் கேட்காத மாதிரி.

ஹெல்மெட் மட்டும் மிச்சம். என் ஸ்கூட்டியில் வலையிறவுப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகுமட்டும் ஹெல்மெட் இல்லாமல் போக ஏலாது. பழைய பட்டுச் சேலையில் ஒரு துண்டை வெட்டி அதற்குள் வைத்துத் தைத்தேன். பட்டில் முடி வழுக்குகிறது, கிளம்பவில்லை.

தவணை தொடங்கிய நாள் காலையில் அக்காவின் தலையை நானே செய்தேன். அவள் கண்ணாடி பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். ஸ்கூட்டியில் பின்னால் இருந்தவள் பாலம் முடியுமட்டும் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். இரண்டு பக்கமும் வாவி, நல்ல காற்று. வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நான் விரலால் இரண்டு இடத்தைத் தூக்கிவிட்டேன்.

"எப்பிடி?"

"வடிவா இருக்கு. போ."

போய்விட்டாள். நான் பாமசிக்கு வந்து, அன்றைக்கு விற்ற மருந்தில் பாதிக்கு என்ன சொன்னேன் என்றே தெரியாது. வாசலுக்கு வந்து வந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன். சுருள் நிற்காவிட்டால் அவள் இனிப் போக மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நோய் என்று தெரிந்தபோது செய்த மாதிரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். அந்தக் கதவை நாங்கள் எல்லோரும் சேர்ந்து திறக்க எவ்வளவு பாடுபட்டோம் என்று எனக்குத்தான் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் லீவு கேட்டுக்கொண்டு போய் வாசலில் நின்றேன். அக்கா வந்தாள். வலது பக்கம் சுருள் அப்படியே இருந்தது. இடது பக்கம் முழுக்கத் தும்பு.

"என்ன நடந்த? காத்தா?"

"காத்தில்ல. பிள்ளைகள்." அவளுக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பில். "ஒருத்தி வந்து, டீச்சர் உங்கட முடி ஏன் இப்பிடி வளையுது எண்டு கேட்டாள். இழுத்துப் பாரு எண்டன். இழுத்திட்டு விட்டாள், திரும்பிப் போய்ச் சுருண்டிச்சு. மறுகா என்ன, வகுப்பு முழுக்க வரிசை!"

"நீ விட்டியா?"

"விடாம? ஒரு பக்கத்த மட்டும் குடுத்தன். மத்தப் பக்கம் உனக்குக் காட்ட வேணுமே."

ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர் எந்த சலூனில் செய்தது என்று கேட்டாராம். நோயைப் பற்றிப் பள்ளிக்கூட அதிபர் மட்டும்தான் ஒரு வார்த்தை கேட்டாராம், அதுவும் தலையைப் பார்க்காமல், முகத்தைப் பார்த்து. திரும்பி வரும்போது பாலத்தில் என் தோளில் அவள் கை இல்லை. இரண்டு கையாலும் சேலையைப் பிடித்துக்கொண்டு வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தத் தவணை முழுக்க வெண்டிக்காய் அவித்தோம். மாரி வந்தது, மழைக்கு இன்னும் கெட்டியாக அவிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தோம். அக்காவின் முடி கழுத்தைத் தாண்டியது. நான் பின்னலை விட்டே விட்டேன். பேன் மருந்து வாங்காமல் போன அந்தத் தாய் திரும்பி வந்து, மகளுடைய முடிக்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாரி ஓய்ந்து, வயல் வட்டைகளில் வெள்ளாமை அறுக்கத் தொடங்கின காலம். ஒரு காலையில் வழக்கம் போல அக்காவின் ஈர முடியில் சாற்றைப் பூசிக்கொண்டிருந்தேன். உச்சியில் விரல் போன இடத்தில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. வகிட்டைப் பிரித்துப் பார்த்தேன். வேரிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு முடி நேராக வந்திருந்தது. வேறு இடத்திலும் பார்த்தேன். பின்னாலும் பார்த்தேன். எல்லா இடமும் நேர்.

"என்ன புள்ள தேடுற? கசகசாவா?"

"அக்கா, அடியில நேரா வருகுது."

அவள் என் விரலைத் தள்ளிவிட்டுத் தன் விரலால் தடவினாள். மருந்து வேரைக் குழப்பிவிட்டால் புதிதாக வருகிற முடி வளைந்து வரும் என்றும், அந்த வேகம் இறங்கினால் சிலருக்குப் பழையபடி வரும் என்றும் பாமசி நடத்துகிற எங்கள் ஐயா ஒருமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"அப்ப இந்தச் சுருள்?"

"வளர வளரக் கீழ போயிடும். வெட்டிவிட வேண்டியதுதான்."

"நல்லா இருக்கு கதை!" அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "சாரத்தக் கட்டி, வெண்டிக்காயப் பூசி, நாள் முழுக்க நிக்க வெக்கப் பழகினா, அது போறன் எண்டு போகுதா? அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்னத்தச் சொல்லுற?"

நான் சிரித்தேன். அவளும் சிரிக்கப் போனாள், பாதியில் நின்றுவிட்டது. வகிட்டில் இருந்த விரலை எடுக்கவில்லை.

"எல்லாம் பழையபடி வருமா புள்ள?"

ஓம் என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் நேர் முடி நோய் போனதற்குச் சாட்சி இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த சோதனை இருக்கிறது, அதற்கடுத்தது இருக்கிறது. அவளுக்கு நான் பொய் சொன்னதில்லை.

"தெரியா அக்கா. மருந்து போகுது, முடி வருகுது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவள் கொஞ்ச நேரம் அந்த ஒரு விரல் அகலத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். என் கண்ணிலிருந்து வழிந்தது அவளுக்குத் தெரியாது. நான் பின்னால் நின்றேன்.

"காணும்" என்றாள். "இண்டைக்கு அது போதும். கெதியாப் பூசு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது."